செம்பாண்டாவை வளர்த்து சிங்கலிலாவில் விடுவது: பலனா, படமா?

மலைமூங்கில்:
கூண்டில் பிறந்தது காட்டில் பிழைக்காது என்று இங்கே அடிக்கடி அடித்துச் சொல்கிறார்கள். டார்ஜிலிங்கின் பத்மஜா நாயுடு இமயமலை உயிரியல் பூங்கா 2022 முதல் 2024 வரை தன்னிடம் வளர்ந்த ஒன்பது செம்பாண்டாக்களை (ரெட் பாண்டா) மேற்கு வங்கத்தில் நேபாள எல்லையை ஒட்டிய சிங்கலிலா தேசியப் பூங்காவில் விட்டது. ஏழு பெண், இரண்டு ஆண். அந்தப் பெண்களில் மூன்று காட்டிலேயே ஈன்று மொத்தம் ஐந்து குட்டிகள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வேலிக்குவெளியே:
பிறந்த கணக்கு இருக்கட்டும் நண்பரே. அந்தக் குட்டிகள் வளர்ந்து தாங்களும் ஈன்றால்தான் அது இனப்பெருக்கம், அதுவரை வெறும் பிரசவம். 2003-லும் இதே சிங்கலிலாவில் ஸ்வீட்டி, மினி என்ற இரண்டு பெண் பாண்டாக்களை ரேடியோ காலர் மாட்டி விட்டார்கள். ஸ்வீட்டி அடுத்த ஆண்டு காட்டில் ஈன்றது, எல்லாரும் கைதட்டினார்கள். மினி வேட்டை விலங்கின் வாயில் போனதைப் பற்றிப் பேச ஆளில்லை. சிங்கலிலாவே மொத்தம் 78 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். அதன் முதுகிலேயே சந்தக்பூ சிகரத்துக்கு ஜீப் சாலை ஓடுகிறது. முதலில் காட்டைச் சரிசெய்யுங்கள், பிறகு பாண்டா தானாகப் பெருகும்.

மலைமூங்கில்:
'தானாக' என்பதில்தான் சிக்கல். செம்பாண்டா சினைக்கு வருவது ஜனவரி முதல் மார்ச் வரை, வருடத்துக்கு ஒரே பருவம். அதிலும் பெண் ஆணை ஏற்பது ஓரிரு நாள். ஜூன், ஜூலையில் ஈனும். பெரும்பாலும் இரண்டு குட்டி, ஒவ்வொன்றும் 110 முதல் 130 கிராம். கண் திறக்கவே இரண்டரை வாரம் ஆகும். இப்படி நிதானமாகப் பெருகும் விலங்கு துண்டுபட்ட காட்டில் நான்கைந்து பெண்களை இழந்தால் மீள எத்தனை வருடம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

வளர்ப்பிலும் இது லேசில்லை. ஈனும் பெட்டி ஒன்று வைத்தால் போதாது, ஒரு தாய்க்கு இரண்டு மூன்று வேண்டும். சத்தமோ புது ஆள் வாடையோ வந்தால் தாய் குட்டியைப் பிடரியில் கவ்விக்கொண்டு இடம் மாற்றும். இருப்பது ஒரே பெட்டி என்றால் போக இடமில்லாமல் வாயிலேயே வைத்துக்கொண்டு நாளெல்லாம் சுற்றும். பால் குடிக்க நேரமில்லாமல் குட்டி குளிர்ந்து செத்துப்போகும். பதற்றத்தில் குட்டியின் வால் ரோமத்தை நக்கி நக்கி, கடைசியில் கடித்தே விடுகிற தாய்களும் உண்டு. டார்ஜிலிங் பூங்கா, பார்வையாளர் கால்படாத டாப்கே தாரா என்ற இடத்தில் தனி இனப்பெருக்க மையம் நடத்துவது இதற்காகத்தான். இன்னொன்று, டார்ஜிலிங் பூங்கா இருப்பது சுமார் 2,100 மீட்டரில். 25 டிகிரி தாண்டினாலே இளைக்கும் விலங்குக்குச் சமவெளிப் பூங்காக்கள் ஏசி போட வேண்டும், இங்கே மலையே பார்த்துக்கொள்கிறது.

ஊசிமருந்து:
இருவரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள்: நாய். நாய்களிடமிருந்து தொற்றும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் செம்பாண்டாவுக்குக் கிட்டத்தட்ட மரண ஓலை. நாய்க்குப் போடும் உயிருள்ள, வீரியம் குறைத்த தடுப்பூசியைப் போட்டு, அதுவே நோயை உண்டாக்கி பாண்டாக்கள் செத்த வரலாறு உயிரியல் பூங்காக்களில் இருக்கிறது. அதனால் கேனரிபாக்ஸ் என்ற பறவை அம்மை வைரஸைச் சுமப்பானாக வைத்த தடுப்பூசியையோ, கொல்லப்பட்ட வைரஸ் தடுப்பூசியையோதான் தொடலாம்.

வளர்ப்பு பாண்டாவுக்கு ஊசி போட்டு அனுப்பிவிடலாம். காட்டில் பிறந்த அந்த ஐந்து குட்டிகளுக்கு யார் போடுவது? ஆகவே ஊசி போட வேண்டியது சுற்றுவட்ட நாய்களுக்கு. சாலையோர விடுதிகளின் எச்சில் சோற்றைத் தின்றுவிட்டு இவை மூங்கில் காட்டுக்குள் போகின்றன. மலைமுகடுதான் நேபாள எல்லை, நாய்க்குப் பாஸ்போர்ட் கிடையாது. நேபாளத்தின் இலாம் பக்கத்து ஊர்களையும் சேர்க்காவிட்டால் பாதி வேலைதான்.

வேலிக்குவெளியே:
நான் கேட்டதும் அதுதானே! ஈனும் பெட்டிக்குக் காட்டும் அக்கறையில் பாதியை நாய்க்குக் காட்டலாம். சரி, பாண்டாவை விடுங்கள், பனிச்சிறுத்தைக்கு வாருங்கள். 1980-களிலிருந்து டார்ஜிலிங்கில் வளர்க்கிறார்கள். அதன் குட்டி ஒன்றரை வருடத்துக்கும் மேல் தாயோடு சுற்றித்தான் நீல ஆட்டை (இமயமலைக் காட்டு ஆடு) சாய்க்கப் பழகும். தட்டில் இறைச்சி தின்று வளர்ந்ததை மேலே கொண்டுபோய் விட்டால் முதலில் போகும் இடம் ஆட்டுப்பட்டி. அடுத்த நாள் மேய்ப்பரின் விஷம். காட்டுக்குத் திரும்பவே முடியாத விலங்கை எதற்குப் பெருக்க வேண்டும்?

மலைமூங்கில்:
பனிச்சிறுத்தையை விடச் சொல்லி நான் வாதாடவில்லை. அது காப்பு வைப்பு, காட்டில் அழிந்தால் கைவசம் இருக்கட்டும் என்று. ஆனால் காப்பு வைப்பும் கெட்டுப்போகும் என்பதால்தான் ஸ்டட்புக், அதாவது எந்த விலங்கு யாருக்குப் பிறந்தது என்ற வம்ச ஏடு. வளர்ப்புப் பனிச்சிறுத்தைகளில் மேல் இமை முழுதாக உருவாகாமல் பிறக்கும் கோலோபோமா என்ற குறை உலகெங்கும் பதிவாகியிருக்கிறது. இமை மூடாததால் ரோமம் விழியில் உரசிப் புண்ணாகும். எந்தெந்த வம்சத்தில் வந்தது என்று ஏடு பார்த்துத்தான் ஜோடி சேர்க்க வேண்டும்.

செம்பாண்டாவிலும் அப்படித்தான். 2020-ல் வந்த மரபணு ஆய்வு இமாலயச் செம்பாண்டா வேறு, சீனச் செம்பாண்டா வேறு என்றது. இந்தியாவில் சியாங் ஆறு எல்லை என்கிறார்கள். அருணாசலத்தில் அந்தப் பக்கம் மீட்ட ஒன்றை ஆசையாக டார்ஜிலிங் பெண்ணோடு சேர்த்தால் சிங்கலிலாவுக்குக் கலப்பினம் போய்ச் சேரும். ஹைதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையமான சிசிஎம்பி-யோடு சேர்ந்து டார்ஜிலிங்கில் மரபணு வங்கி வைத்திருப்பதை வெறும் விளம்பரம் என்று தள்ளாதீர்கள்.

வரையாடு_07:
இடையில் ஒரு கேள்வி. டார்ஜிலிங் பூங்காவில் இமாலயத் தார் என்ற காட்டு ஆடும் இருக்கிறதே, அந்த அனுபவத்தை நம் நீலகிரி வரையாட்டுக்கு எடுத்துக்கொள்ளலாமா?

ஊசிமருந்து:
ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'தார்' என்று பெயர், அவ்வளவுதான். மரபணுவில் நம் வரையாடு செம்மறிக்குத்தான் நெருக்கம். மயக்க மருந்தின் அளவைக்கூட அப்படியே தூக்கிவர முடியாது.

விடும் முறைக்கு வருகிறேன், ஏனென்றால் தோற்பது பெரும்பாலும் அங்கேதான். பாண்டாவின் குடல் ஊனுண்ணியின் குடல். தின்ற மூங்கிலில் கால்வாசிதான் செரிக்கும், அதனால் தினமும் ஒன்றரை கிலோவுக்கு மேல் இலை வேண்டும். வளர்ப்பில் பழமும் கஞ்சியும் கொடுத்துக் கொழுகொழுவென்று வைத்திருப்பார்கள். அதைப் படிப்படியாகக் குறைத்து, விடப்போகும் காட்டின் மூங்கிலிலேயே எடை நிற்கிறதா என்று பார்க்காமல் கதவைத் திறக்கக் கூடாது. முதலில் காட்டுக்குள்ளேயே வேலி போட்ட துண்டில் வைத்து, எடை நின்ற பிறகுதான் கதவு.

அடுத்தது காலர். உடல் எடையில் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றால் நாலரை கிலோ பாண்டாவுக்கு 135 கிராம். பேட்டரி நிறைய நாள் உழைக்க வேண்டுமென்றால் கனம் கூடும், ஜிபிஎஸ் அடிக்கடி பேச வேண்டுமென்றால் ஆயுள் குறையும். தளர்வாகக் கட்டினால் முன்காலை உள்ளே நுழைத்துக்கொள்ளும். இறுக்கினால் குளிர்கால ரோமத்துக்கு அடியில் புண் வந்தது வெளியே தெரியாது.

வேலிக்குவெளியே:
இந்த விவரம் ஏன் செய்திகளில் வருவதில்லை? விட்ட அன்று கூண்டுக் கதவு திறக்கும் படம், பிறகு குட்டிப் படம், அவ்வளவுதான். ஒன்பதில் இன்று எத்தனை காலரிலிருந்து சிக்னல் வருகிறது, நின்றவற்றில் பேட்டரி போனது எத்தனை, விலங்கே போனது எத்தனை? இதைப் பட்டியலாகப் போட்டால் என் எதிர்ப்பில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

மலைமூங்கில்:
மீதிப் பாதி?

வேலிக்குவெளியே:
ஜீப் சாலையும் விடுதிக் குப்பையும் அங்கேயே இருக்கிறதே சார்.