பிரஷ் கட்டர் பத்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது, பெட்ரோல்–ஆயில் கலவையிலும் சந்தேகம்

ஆனைமலைத் தோப்பு:

எல்லோருக்கும் வணக்கம். தென்னைக்குள் கொக்கோ ஊடுபயிர், களைக்கு 52 சிசி டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர், தோளில் மாட்டுகிற வகை. கோடை முழுக்க வேலை இல்லாததால் டேங்கில் பாதி பெட்ரோலோடு மோட்டார் ரூமிலேயே கிடந்தது. மழை பிடித்து புல் முழங்காலுக்கு வந்த பிறகு எடுத்தால் தகராறு செய்கிறது. சோக்கை (காற்று போவதைக் குறைக்கிற மூடியை) பாதி மூடி வைத்தால்தான் ஓடுகிறது, அதுவும் பத்து நிமிடம் போல ஓடிவிட்டு மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. டேங்க் மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று சத்தம் வருகிறது, மூடிவிட்டு இழுத்தால் மறுபடி பிடிக்கிறது, திரும்ப அதே கதை.

பக்கத்து டவுன் பட்டறையில் கழற்றிக்கூடப் பார்க்காமல் போர் (பிஸ்டன் ஓடுகிற சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்து போய்விட்டது, பிஸ்டன் செட் மாற்ற வேண்டும் என்கிறார்கள். நம்பலாமா?

இன்னொன்று, ஆயில் அளவு. மெஷினோடு வந்த புத்தகத்தில் 25:1, ஆயில் டப்பாவில் 50:1, வேலைக்கு வருகிற அண்ணன் கண் அளவில் டேங்க்கிலேயே ஊற்றி ஒரு ஆட்டு ஆட்டிவிடுகிறார். எது சரி?

ஸ்பேனர் 10-12:

போரெல்லாம் அப்புறம் பார்க்கலாம் தம்பி. அந்த உஸ் சத்தத்திலேயே பாதி விஷயம் இருக்கிறது. டேங்க்கிலிருந்து பெட்ரோல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக மூடியிலேயே ஒரு சின்ன வால்வு இருக்கும், சில மெஷினில் டேங்க் மேல் தனி டியூபாக இருக்கும். அதில் தூசியும் ஆயிலும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி கார்புரேட்டரால் பெட்ரோலை இழுக்க முடியாமல் போகும். மூடியைத் திறந்ததும் சரியாகிறது என்றால் வேறு சோதனையே வேண்டாம். வால்வைக் கழற்றி பெட்ரோலில் கழுவுங்கள், வாயால் ஊதினால் உள்பக்கமாகக் காற்று போக வேண்டும். போகாவிட்டால் மூடியை மாற்றுங்கள். மூடியை லூசாக வைத்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சூடான சைலன்சர் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆனால் பாதி சோக் கேட்பது தனி நோய். பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போகிறது என்று அர்த்தம். டேங்க்குள்ளே டியூப் முனையில் இருக்கிற ஃபில்டரை ஒரு கம்பியை வளைத்து வெளியே இழுத்துப் பாருங்கள், கறுத்துப் போயிருந்தால் மாற்றிவிடுங்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்யும் முன் பெட்ரோல் ஏற்றுவதற்கு கார்புரேட்டர் பக்கத்தில் இருக்கிற ரப்பர் குமிழை அழுத்துங்கள். அழுத்தியது அமுங்கியபடியே இருந்தால் எங்கோ அடைப்பு, நிறைய அழுத்தியும் குமிழுக்குள் காற்றுக் கொப்புளம் வந்துகொண்டே இருந்தால் டியூபில் விரிசல். இரண்டும் இல்லை என்றால் கார்புரேட்டருக்குள் இருக்கிற டயாஃப்ரம். மெல்லிய ரப்பர் தாள் மாதிரி இருக்கும், என்ஜின் துடிக்கிற துடிப்பில் அதுதான் அசைந்து பெட்ரோலை இழுத்துக் கொடுக்கிறது. பழைய பெட்ரோலில் மாதக்கணக்கில் கிடந்தால் விறைத்துப் போய்விடும். அதற்குத் தனியாக கிட் கிடைக்கிறது.

இதைச் சரிசெய்யாமல் சோக்கிலேயே ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்துதான் உள்ளே போகிறது, பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். இப்போது போகாத போர் அப்போது நிஜமாகவே போகும். பட்டறைக்காரர் சொன்னதைச் சோதிக்க வேண்டுமானால் சைலன்சரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். பளபளவென்று வழவழப்பாக இருந்தால் நன்றாக இருக்கிறது. மேலிருந்து கீழாகக் கீறல் விழுந்திருந்தால் மட்டும் பிஸ்டன் செட் பேச்சை எடுக்கலாம். கழற்றிய கையோடு சைலன்சர் வாயில் கம்பி வலை இருந்தால் அதையும் சுத்தம் செய்துவிடுங்கள், கரி அடைத்து 'பவர் இல்லை' என்று வருகிற மெஷின்கள் ஏராளம்.

பழைய சேத்தக்:

ஆயில் கேள்விக்கு நான் சொல்கிறேன், டிவிஎஸ் 50 காலத்திலிருந்து கலக்குகிற கை.

25:1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 40:1 என்றால் 25, 50:1 என்றால் 20. மெஷின் புத்தகமும் ஆயில் டப்பாவும் சண்டை போட்டால் மெஷின் புத்தகம் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். என்ஜினைச் செய்தவன் எந்த ஆயில் கிடைக்கும் என்று தெரியாமல் பாதுகாப்பாக 25 போட்டிருப்பான், ஆயில்காரன் தன் சரக்கின் பெருமைக்கு 50 போடுவான். டப்பாவின் பின்பக்கம் ஜாஸோ (ஜப்பான்காரர்களின் தர அளவு) எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று ஏதாவது ஒரு முத்திரை இருக்கும். எஃப்டி இருப்பதிலேயே சுத்தமாக எரிவது, புகையும் கரியும் குறைவு. எஃப்டி ஊற்றினாலும் புத்தகம் அனுமதிக்காத வரை நான் 50:1 பக்கம் போகமாட்டேன். கொஞ்சம் புகை கூடுதலாக வரும், பிளக் சீக்கிரம் கறுக்கும், வலை அடைக்கும், அவ்வளவுதானே, துடைத்துக்கொள்ளலாம். பைக்குக்கு ஊற்றுகிற 20டபிள்யூ-40 என்ஜின் ஆயில் மீதி இருக்கிறதே என்று அதைக் கலக்கக் கூடாது, படகு என்ஜினுக்கான டிசி-டபிள்யூ3 ஆயிலும் ஆகாது, அது தண்ணீரால் குளிர்கிற என்ஜினுக்கானது.

டேங்க்கிலேயே ஊற்றி ஆட்டுவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். ஆயில் அடியில் போய் உட்கார்ந்துவிடும், அடியில்தான் டியூப் உறிஞ்சுகிறது, தொடக்கத்தில் வெறும் ஆயிலாகவும் கடைசியில் வெறும் பெட்ரோலாகவும் போகும். தனி கேனில் பாதி பெட்ரோல், அளந்த ஆயில், மூடி நன்றாகக் குலுக்கி, பிறகு மீதி பெட்ரோல், மறுபடி ஒரு குலுக்கு. ஊற்றுவதற்கு முன்பும் ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும்.

இப்போது பங்க்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். மூடி சரியில்லாத டேங்க்கில் மழைக்காலம் முழுக்கக் கிடந்து தண்ணீர் அதிகமாகச் சேர்ந்துவிட்டால் எத்தனாலும் தண்ணீரும் தனியாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும், 2டி ஆயிலோ (நாம் கலக்குகிற டூ ஸ்ட்ரோக் ஆயில்) பெட்ரோலோடு மேலேயே தங்கிவிடும். மெஷின் உறிஞ்சுவது அடியில் இருக்கிற ஆயில் இல்லாத சமாசாரத்தை! அதனால் ஒரு மாதத்துக்கு மேல் ஆன கலவையை இதில் ஊற்றாதீர்கள். உங்கள் டேங்க்கில் கோடையிலிருந்து கிடப்பதை ஒரு சொட்டு விடாமல் வடித்துவிடுங்கள், வாய்க்காலில் மட்டும் கொட்டாதீர்கள்.

வயக்காட்டு அக்கா:

அண்ணன்மார் இரண்டு பேரும் மெஷினைப் பற்றியே பேசுகிறீர்கள், ஊற்றுகிற இடத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் வேலை நடுவே பெட்ரோல் தீர்ந்தால் தோளிலிருந்து இறக்கி, காய்ந்த தென்னை ஓலை மேலேயே சாய்த்து வைத்து, சைலன்சர் கொதிக்கக் கொதிக்க ஊற்றுகிறார்கள். ஊற்றுகிறவர் வாயில் பீடி வேறு. ஆஃப் செய்து, ஒரு டீ குடிக்கிற நேரமாவது ஆறவிட்டு, வெறும் மண்தரையில் வைத்து, மூடியை மெதுவாகத் திறந்து, கழுத்து வரை நிரப்பாமல் ஊற்ற வேண்டும். மூடியைச் சுற்றி இருக்கிற மண்ணை முதலில் துடைத்துவிட்டால் ஃபில்டர் பிரச்சினையே பாதி வராது. சிந்தினால் துடைத்து, ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்யுங்கள்.

பங்க்கில் பாட்டில் கொண்டுபோனால் தரமாட்டேன் என்று சொன்னால் அவர்களைத் திட்டாதீர்கள். 1934 பெட்ரோலியச் சட்டப்படி விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் இறுக மூடிய பாத்திரமாக இருக்க வேண்டும், உலோகக் கேன் என்றால் 25 லிட்டருக்குள். தண்ணீர் பாட்டில் அந்தக் கணக்கில் வராது. ஒரு நல்ல தகர கேன் வாங்கிவிடுங்கள், வீட்டுக்குள் வைக்காதீர்கள், மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டி பக்கத்திலும் வேண்டாம்.

பிளேடுக்குப் பதில் சுழன்று புல் வெட்டுகிற நைலான் ரோப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கீழே இருக்கிற கார்டை (பாதுகாப்பு மறைப்பை) கழற்றிவிட்டுத்தான் எல்லோரும் ஓட்டுகிறார்கள், புல் சிக்குகிறதாம். அந்த கார்டில் ஒரு சின்ன பிளேடு இருக்கும், ரோப் நீளமாகிவிட்டால் அதுதான் வெட்டிவிடும். அது இல்லாவிட்டால் ரோப் நீண்டுகொண்டே போய் என்ஜினுக்கு இழுவை அதிகமாகி சூடேறும். ஆள் காலில் கல் தெறிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ரோப் பொசுக்பொசுக்கென்று அறுந்தால் சுருளை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போடுங்கள், காய்ந்த நைலான் நொறுங்கும், ஊறினால் வளைந்து கொடுக்கும். ரோப்புக்குப் பதில் இரும்புக் கம்பி போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். துண்டு அறுந்து பறந்தால் குண்டுதான் அது, கூலிக்கு வந்தவர் செய்தாலும் தடுங்கள்.

ஆனைமலைத் தோப்பு:

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. மூடி வால்வு முழுக்க அடைத்திருந்தது, டேங்க் உள்ளே டியூப் தொட்டாலே பிய்ந்து வந்தது. மூடி, டியூப், ஃபில்டர் மூன்றும் மாற்றி, புதுக் கலவை 25:1 ஊற்றினேன். சோக் இல்லாமல் ஒரு டேங்க் தீரும் வரை நிற்காமல் ஓடியது. சைலன்சர் வழியாகப் பார்த்தேன், பிஸ்டன் கண்ணாடி மாதிரி இருக்கிறது. பட்டறைக்கு இனி போகப்போவதில்லை.

ஒரே ஒரு கேள்வி. இந்தக் கலக்கிற வேலையே வேண்டாம் என்று தம்பி ஒரு ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கலாம் என்கிறான். அது தேவலையா?

ஸ்பேனர் 10-12:

கலக்குகிற வேலை மிச்சம், புகை குறைவு, பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். ஆனால் பராமரிப்பு இல்லாமல் போகாது. உதாரணத்துக்கு ஹோண்டா ஜிஎக்ஸ்35 என்ஜின், 35.8 சிசி, அதற்கு ஆயிலே மொத்தம் 100 மில்லிதான். அதில் கொஞ்சம் குறைந்தாலும் என்ஜினுக்குத் தெரியும். தினமும் காலையில் சமமாக வைத்து ஆயில் பார்க்க வேண்டும், புதுசில் 10 மணி நேரத்திலும் பிறகு 50 மணி நேரத்துக்கு ஒரு தடவையும் மாற்ற வேண்டும். கூலி ஆள் கையில் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிற தோப்பு என்றால் நான் டூ ஸ்ட்ரோக்கையே சொல்வேன்.

இரண்டையும் வைத்துக்கொள்வதாக இருந்தால் கேன்களுக்கு வேறு வேறு நிறம் பூசிவிடுங்கள். வெறும் பெட்ரோலை டூ ஸ்ட்ரோக்கில் ஊற்றினால் அந்த டேங்க் தீர்வதற்குள் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துவிடும்.

அப்புறம் கீழே கியர் பெட்டி பக்கவாட்டில் ஒரு போல்ட் இருக்கும், அதைக் கழற்றி 25 மணி நேரத்துக்கு ஒரு தடவை கிரீஸ் வையுங்கள், பொங்கி வழியும்படி அடைக்க வேண்டாம். பிளேடு மாற்றும்போது அந்த நட்டு பெரும்பாலான மெஷினில் இடது மரை, கழற்றுவதற்கு வலது பக்கம் திருப்ப வேண்டும். பிளக் கேப்பை எடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அடுத்த கோடையில் மூலையில் வைக்கும் முன் டேங்க்கை வடித்துவிட்டு, தானாக நிற்கும் வரை ஓட்டிவிடுங்கள்.