உரம் போட்ட கிக்கியூ புல்லில் மெக்னீசியம் ஏன் குறைகிறது?

கேள்வி (கோத்தகிரி):
ஒரு ஏக்கர் கிக்கியூ புல், நாலு ஜெர்சி கலப்புப் பசு, மேய்ச்சல்தான். கோடை மழைக்கு யூரியா ஒரு மூட்டை, பொட்டாஷ் ஒரு மூட்டை போட்டேன். புல் கருகருவென்று வந்தது. பத்தாம் நாள் கறவைப் பசு ஒன்று தசை துடித்து, தள்ளாடி விழுந்தது. ஊசி போட்ட டாக்டர் மெக்னீசியம் குறைவு என்றார். இவ்வளவு செழித்த புல்லில் எப்படிக் குறையும்?

பதில் 1 (குன்னூர்):
காரணம் பொட்டாஷ்தான், அது பொட்டாசிய உரம். புல் பொட்டாசியத்தைத் தேவைக்கு மேலேயே உறிஞ்சிக்கொள்ளும். வேரில் அதனோடு போட்டி போட்டு மெக்னீசியம் தோற்றுவிடும். நம் மலை மண் புளிப்பு மண், மழையில் சுண்ணாம்பும் மெக்னீசியமும் ஏற்கெனவே அரித்துப் போயிருக்கும். மாட்டின் வயிற்றிலும் பொட்டாசியம் கூடினால் மெக்னீசியம் உடலில் சேராது.

புல்லைப் பரிசோதனைக்கு அனுப்பினால் உலர் எடைக் கணக்கில் சதவீதம் தருவார்கள். பொட்டாசியத்தை 256ஆல், கால்சியத்தை 499ஆல், மெக்னீசியத்தை 823ஆல் பெருக்குங்கள். முதல் எண்ணை மற்ற இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து 2.2க்கு மேல் வந்தால் ஆபத்து. உதாரணமாக 3.5, 0.35, 0.18 என்றால் 896ஐ 323ஆல் வகுக்க, ஏறக்குறைய 2.8. மெக்னீசியம் மட்டும் பார்த்தாலும் 0.2க்குக் கீழே போகக் கூடாது.

பதில் 2 (ஊட்டி):
முதலில் மாட்டைப் பாருங்கள் அண்ணா. மெக்னீசியம் ஆக்சைடு ஒரு பசுவுக்கு நாளைக்கு 50 முதல் 60 கிராம், தவிட்டில் பிசைந்து. கசப்பு என்பதால் தனியாக வைத்தால் தொடாது. உடலில் எடுத்துப் பயன்படுத்தும் இருப்பு கிடையாது, ஒருநாள் விட்டாலும் குறையும். உப்பு 30 கிராம் சேருங்கள். கிக்கியூவில் சோடியம் மிகக் குறைவு, அதுவும் மெக்னீசியம் சேர்வதைக் கெடுக்கும்.

மேய்ச்சல் நிலத்துக்குப் பொட்டாஷை நிறுத்திவிடலாம். சாணமும் மூத்திரமும் திருப்பித் தந்துவிடும். அறுத்துக் கொண்டுபோய்ப் போடுகிற புல் வேறு: ஒரு டன் உலர்ந்த புல் 25 முதல் 35 கிலோ பொட்டாசியத்தை எடுத்துப் போகும், அங்கே சாணத்தைத் திருப்பிப் போடவேண்டும். யூரியா தடவைக்கு 20 கிலோ போதும், போட்டு மூன்று வாரம் மேய விடாதீர்கள். இளம்புல்லில் மாட்டுக்கு நஞ்சாகும் நைட்ரேட்டும் நிற்கும்.

கேள்வி கேட்டவர்:
சுண்ணாம்பு போடலாமா?

பதில் 1:
வெறும் சுண்ணாம்பில் மெக்னீசியம் இல்லை, மெக்னீசியமும் கலந்த சுண்ணாம்புக்கல்லான டோலமைட் போடுங்கள். மண் பரிசோதனைப்படி, காரஅமில நிலை (pH) 5 அளவில் இருந்தால் ஏக்கருக்கு 800 கிலோவில் தொடங்கலாம். பலன் தெரியச் சில மாதம் ஆகும், அதுவரை தவிட்டுக் கலவையை விடாதீர்கள். அளவுக்கு மேல் போட்டால் புல்லில் மாலிப்டினம் ஏறி மாட்டுக்குத் தாமிரம் குறையும்; முடி நிறம் வெளுக்கும். சூப்பர் பாஸ்பேட்டை டோலமைட்டோடு சேர்த்துப் போடாமல் சில வாரம் இடைவெளி விடுங்கள். சூப்பர் பாஸ்பேட் தரும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இருந்தால் புல் மெக்னீசியத்தை நன்றாக எடுக்கும்.

பதில் 2:
கூடவே வெள்ளைக் குளோவர் என்ற தீவனச் செடியின் விதையைத் தூவுங்கள். கிக்கியூவைவிடக் கால்சியமும் மெக்னீசியமும் அதில் அதிகம். ஆனால் யூரியா மிகுந்தால் கிக்கியூ உயர்ந்து குளோவரை மூடிவிடும்.