1/6 டைகர் டாங்கி: புல்தரையில் திரும்பினால் டிராக் கழல்கிறது, கன்ட்ரோலரும் நின்றுவிடுகிறது. உதவி தேவை

புதுத்தடம்

வணக்கம். இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் டாங்கியான டைகர் 1-ஐ 1/6 அளவில், ரேடியோவில் ஓட்டும் மாடலாகக் கட்டி ஓட்டிப் பார்க்கும் கட்டத்தில் இருக்கிறேன். விவரம் இதுதான்:

மொத்த எடை 75 கிலோ. மோட்டார் 24 வோல்ட், 250 வாட் பிரஷ் வகை, பக்கத்துக்கு ஒன்று. 9.78:1 கியர்பாக்ஸ் அதோடு சேர்ந்தே வருவது. கியர்பாக்ஸ் தண்டிலிருந்து நேராக ஸ்ப்ராக்கெட்டுக்கு (டிராக்கை இழுக்கும் பல்சக்கரம்) கொடுத்திருக்கிறேன், நடுவில் வேறு குறைப்பு இல்லை. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் இரட்டைச் சேனல், சேனலுக்குத் தொடர்ச்சியாக 25 ஆம்ப். பேட்டரி 12 வோல்ட் 12 ஆம்ப்-அவர் லெட் ஆசிட் இரண்டு, தொடரில். டிராக் கண்ணிகள் பெட்ஜி பிளாஸ்டிக்கில் 3டி பிரின்ட் செய்தவை, பக்கத்துக்கு 96, கண்ணிகளை இணைக்கும் பின் 3 மி.மீ. ஸ்டீல் கம்பி. ஐட்லர் (டிராக்கைப் பின்னால் சுற்றிவிடும் சக்கரம்) அச்சு 8 மி.மீ.

சிமென்ட் தரையில் எந்தத் தொல்லையும் இல்லை. புல்லில் நேராகவும் போகிறது. ஸ்டிக்கை முழுதாக வலப்பக்கம் தள்ளித் திருப்பினால் வலது டிராக் பின்னால், ஐட்லரில் கழல்கிறது. இடப்பக்கம் திருப்பும்போது எப்போதாவதுதான். கழலாமல் தப்பித்தாலும் நாலைந்து திருப்பத்தில் கன்ட்ரோலர் சூடாகி நின்றுவிடுகிறது.

பெரிய கன்ட்ரோலர் வாங்கினால் போதுமா? டிராக்கை இன்னும் இறுக்க வேண்டுமா? இப்போது நிஜ டைகர் படங்களில் பார்ப்பதுபோல மேலே கொஞ்சம் தொய்வு விட்டிருக்கிறேன்.

லேத்துப்பட்டறை

வலப்பக்கம் திரும்பும்போது வலது டிராக், அதுவும் பின்னால் என்று எழுதியிருக்கிறீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

டைகருக்கு ஸ்ப்ராக்கெட் முன்னால். முன்னே போகும்போது அது மேல்பக்க டிராக்கை இழுக்கிறது. அப்போது மேலே இறுக்கம்; ஸ்ப்ராக்கெட்டுக்கும் முதல் சக்கரத்துக்கும் நடுவில்தான் தொய்வு. திரும்பும்போது உள்பக்க டிராக் பிரேக் பிடித்த நிலையில் இருக்கிறது, தரைதான் அதை இழுக்கிறது. எல்லாம் தலைகீழாகிவிடும்: முன்னால் கீழே இறுக்கம், மேலே முழுத் தொய்வு. அந்தத் தொய்வு ஐட்லர் பக்கம் போய்ச் சேரும். அதே நேரம் வண்டியின் வால் பக்கவாட்டில் இழுபடுகிறது. கண்ணியின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வழிகாட்டிக் கொம்பு ஐட்லர் விளிம்புக்கு மேல் ஏறினால் அவ்வளவுதான், டிராக் வெளியே.

அதனால் அழகுக்கு விட்ட தொய்வை முதலில் எடுத்துவிடுங்கள். காட்சிக்கு வைக்கும்போது வேண்டுமானால் தளர்த்திக்கொள்ளலாம். டைகரில் ரிட்டர்ன் ரோலர் (மேல் டிராக்கைத் தாங்கும் சின்ன உருளை) கிடையாது, மேல் டிராக் சக்கரங்களின் மேலேயே படுத்திருக்கும். அளவு பார்க்கும் முறை இது: வண்டியை ஒரு மீட்டர் முன்னால் ஓட்டி, ரிவர்ஸ் கொடுக்காமல் தானாக நிற்க விடுங்கள். பிறகு நான்காவது சக்கரத்துக்கு மேல் டிராக்கை ஒரு விரலால் தூக்குங்கள். 10 முதல் 12 மி.மீ. எழும்பினால் சரி. 20-க்கு மேல் எழும்பினால் புல்லில் நிற்காது.

ரொம்ப இறுக்குவதும் கெடுதல். கட்டைமேல் ஏற்றி ஒரு பக்கத்தை மட்டும் ஓடவிட்டு ஆம்ப் மீட்டரைப் பாருங்கள். இறுக்கிக்கொண்டே போனால் ஓரிடத்தில் ஆம்ப் சட்டென்று ஏறும். அதற்கு ஒரு படி முன்னால் நிறுத்துங்கள்.

இது ஏன் வலது பக்கத்தில் மட்டும் அதிகம் என்பது தனிக் கேள்வி. ஸ்ப்ராக்கெட்டின் நடுக்கோட்டிலிருந்து ஐட்லரின் நடுக்கோட்டுக்கு நூல் பிடித்துப் பாருங்கள். சக்கரங்களும் அதே கோட்டில் வர வேண்டும். 1 மி.மீ. வரை பொறுக்கும். ஐட்லர் கிராங்க்கை (ஐட்லரைத் தாங்கி முன்பின் நகர்த்தும் பாகம்) கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்து, எவ்வளவு ஆடுகிறது என்றும் சொல்லுங்கள்.

24வோல்ட்

கன்ட்ரோலர் கதைக்கு வருகிறேன். பெரியது வாங்கினால் கன்ட்ரோலர் தப்பிக்கும், மோட்டார் எரியும். கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நிஜ டைகரில் தரையைத் தொடும் டிராக் நீளம் சுமார் 3.61 மீட்டர். இரண்டு டிராக்கின் நடுக்கோடுகளுக்கு இடையே சுமார் 2.82 மீட்டர். 1/6-ல் 0.60 மீட்டரும் 0.47 மீட்டரும். 75 கிலோ என்றால் 735 நியூட்டன்.

திருப்புவதற்கு வேண்டிய முறுக்கம் = பக்கவாட்டு உராய்வு × எடை × தொடும் நீளம் ÷ 4. புல்லில் உராய்வை 0.8 என்று வையுங்கள்: 0.8 × 735 × 0.60 ÷ 4 = 88 நியூட்டன் மீட்டர். இதை 0.47-ஆல் வகுத்தால் 188 நியூட்டன். உருளும் தடை பக்கத்துக்கு 37 சேர்த்தால் வெளிப்பக்க டிராக் இழுக்க வேண்டியது 225 நியூட்டன்.

ஸ்ப்ராக்கெட் ஆரம் 69 மி.மீ. ஆக 15.5 நியூட்டன் மீட்டர். கண்ணி, பேரிங் இழப்பெல்லாம் சேர்த்து 20 என்று வையுங்கள். உங்கள் மோட்டார் நாள் முழுக்கத் தாங்குவது தன் தண்டில் 0.9 நியூட்டன் மீட்டர், கியர்பாக்ஸ் தாண்டி சுமார் 8. தேவையில் பாதிகூட இல்லை. 20 வேண்டுமென்றால் அது 30 ஆம்புக்கு மேல் இழுக்கும். 25 ஆம்ப் கன்ட்ரோலர் நிற்காமல் என்ன செய்யும்? சிமென்டில் டிராக் வழுக்கிக்கொண்டு திரும்புகிறது, உராய்வு பாதியாகிவிடுகிறது. அதனால்தான் அங்கே தெரியவில்லை.

வேகம் பக்கமும் பாருங்கள். ஸ்ப்ராக்கெட் ஒரு சுற்றுக்கு 433 மி.மீ., நிமிடத்துக்கு சுமார் 280 சுற்று. மணிக்கு 7.3 கி.மீ. வருகிறது. நிஜ டைகர் சாலையில் 38 கி.மீ. போனது என்று எடுத்தால் 1/6-க்கு 6.3 போதும். மேடுபள்ள நிலத்தில் அதில் பாதிதான் பார்க்க அழகு. வேகத்தைக் கொடுத்து முறுக்கத்தை வாங்குங்கள். நடுவில் 2:1 செயின் குறைப்பு வையுங்கள். வேகம் 3.6 கி.மீ. ஆகும், திருப்பத்தில் ஆம்ப் 16 பக்கம் இறங்கும். இருக்கிற கன்ட்ரோலரே போதும்.

நின்ற பிறகு எப்படி மீள்கிறது என்று கவனித்தீர்களா? ஒன்றிரண்டு நொடியில் மீண்டால் மின்னோட்டமோ பேட்டரி வோல்ட் சரிவோ காரணம். சில நிமிடம் ஆனால் சூடு.

புதுத்தடம்

பார்த்துவிட்டேன். பெரும்பாலும் இரண்டு நொடியில் மீள்கிறது, தொடர்ந்து ஓட்டினால் சில நிமிடம் ஆகிறது. திரும்பும்போது பேட்டரி முனையில் 19.6 வோல்ட் வரை இறங்குகிறது. வலது ஐட்லர் நூலுக்கு 2.5 மி.மீ. வெளியே இருக்கிறது. கையால் இழுத்தால் கிராங்க் லேசாக நகர்கிறது. இறுக்கியபின் கழல்வது குறைந்தது, ஆனால் புதிதாக ஸ்ப்ராக்கெட்டில் "டக் டக்" என்று சத்தம்.

கண்ணி96

அந்தச் சத்தம் பல் ஏறி விழும் சத்தம். கண்ணி நீண்டிருக்கிறது.

நிஜ டைகர் போர் டிராக்கின் பெயரே கேஜிஎஸ் 63/725/130. 725 மி.மீ. அகலம், 130 மி.மீ. பிட்ச் (ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு உள்ள தூரம்). 1/6-க்கு 21.67. பத்துக் கண்ணியைக் கழற்றித் தொங்கவிட்டு, கீழே 5 கிலோ கட்டி, முதல் பின்னின் நடுவிலிருந்து பதினோராவது பின்னின் நடுவரை வெர்னியரில் அளந்து பாருங்கள். 216.7 வர வேண்டும். 217.2 வரை ஓடும். அதற்கு மேல் போனால் சத்தம் வரும், பிறகு கழலும்.

புதுத்தடம்

218.5.

கண்ணி96

அப்படியென்றால் கண்ணிக்கு 0.18 மி.மீ. கூடுதல். ஸ்ப்ராக்கெட்டை ஒரே நேரத்தில் ஒன்பது பத்துப் பல் பிடித்திருக்கும், அங்கேயே 1.6 முதல் 1.8 மி.மீ. பிசகு. 96 கண்ணிக்கு 17 மி.மீ. நீளம் ஏறியிருக்கிறது. தொய்வு திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

பெட்ஜியில் ஓட்டையைப் பிரின்டிலேயே 3.0 என்று விட்டால் ஓரம் கரடாக இருக்கும். ஓடும்போது அந்தக் கரடு தேய்ந்து ஓட்டை பெரிதாகும். 2.8-ல் பிரின்ட் செய்து, 3.1 டிரில் போட்டு ரீம் செய்தாற்போல் சுத்தம் செய்தால் தேய்மானம் ஆரம்பத்தில் அவ்வளவு வேகமாக இருக்காது. அடுத்த செட் நைலானில் போடுங்கள், பெட்ஜி 75 கிலோவைத் தாங்காது என்பது என் கருத்து.

இப்போதைக்கு எல்லாக் கண்ணியையும் தூக்கிப்போட வேண்டாம். ஸ்ப்ராக்கெட் பல்வளையத்தை மட்டும் 21.85 பிட்சுக்கு மறுபடி பிரின்ட் செய்யுங்கள். 20 பல்லுக்கு பிட்ச் விட்டம் 138.5-லிருந்து 139.7 ஆகும். பல்லின் தடிப்பை 0.4 குறைத்து, நுனியை உருட்டிவிடுங்கள். புதிய கண்ணி போடும்போது பழைய வளையத்துக்குத் திரும்பிக்கொள்ளலாம். ஐட்லர் நகர இடமில்லாமல் போனால் ஒரு கண்ணியைக் கழற்றி 95 ஆக்குங்கள். நிஜ டாங்கிகளிலும் டிராக் தேய்ந்து நீண்டால் கண்ணியைக் கழற்றத்தான் செய்வார்கள்.

லேத்துப்பட்டறை

8 மி.மீ. ஐட்லர் அச்சை இப்போதே மாற்றுங்கள். டிராக் மேலேயும் கீழேயும் ஐட்லரை முன்னால் இழுக்கிறது. 225 என்றால் அச்சில் 450 நியூட்டன், அதாவது ஒரு பக்கத்தில் 46 கிலோ தொங்குவதுபோல. ஹல் (வண்டியின் உடல்) சுவரிலிருந்து டிராக் நடு வரை குறைந்தது 60 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். 8 மி.மீ. அச்சுக்கு வளைவுத் தகைவு 530 மெகாபாஸ்கலைத் தாண்டுகிறது. சாதாரண மைல்டு ஸ்டீல் 250 பக்கமே வளைய ஆரம்பிக்கும். 12 மி.மீ. ஆக்கினால் 160-க்கு இறங்கிவிடும். உங்கள் 2.5 மி.மீ. பிசகு கட்டும்போது வந்ததாகவும் இருக்கலாம், அச்சு வளைந்ததாகவும் இருக்கலாம். கழற்றி, தட்டையான கண்ணாடிமேல் உருட்டினால் தெரிந்துவிடும்.

கிராங்க்கை வெறும் கிரப் ஸ்க்ரூவை (தலையில்லாத சின்ன ஸ்க்ரூ) நம்பி விடாதீர்கள். ஹல்லுக்குள் கிராங்க் தண்டில் ஒரு நெம்புகோல் வைத்து, அதை எம்8 திரெட் ராடால் தள்ளி, இரட்டை நட் போட்டுப் பூட்டுங்கள். ஹல் 4 மி.மீ. அலுமினியம் என்றால் அந்த இடத்தில் உள்பக்கம் 6 மி.மீ. பட்டை ஒன்றை போல்ட் போட்டுச் சேர்த்துவிடுங்கள். பேரிங் வீடு மெல்லிய தகட்டில் இருந்தால் தகடே வளைந்து ஐட்லர் சாயும்.

பாந்தர்பிரியன்

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். இன்னொரு ஜெர்மன் டாங்கியான பாந்தர் கட்டத் திட்டம். இதே மோட்டாரும் 2:1-ம் போதுமா?

24வோல்ட்

போதாது. நீளத்தை அகலத்தால் வகுத்துப் பாருங்கள். டைகர் 3.61/2.82, சுமார் 1.28. பாந்தர் 3.92/2.62, சுமார் 1.5. அதே எடைக்குத் திருப்பும் விசை ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடும். 2.5:1 வையுங்கள். டைகர் திருப்புவதற்கு எளிதான வண்டி, அதில் கற்ற அளவை மற்றதற்கு அப்படியே எடுத்துப்போகக் கூடாது.

புதுத்தடம்

அச்சு வளைந்துதான் இருக்கிறது. 12-க்கு மாற்றுகிறேன். கியர்பாக்ஸோடு வந்த 9 பல் சைக்கிள் செயின் ஸ்ப்ராக்கெட் கையில் இருக்கிறது. சைக்கிள் கடையில் 18 பல் ஃப்ரீவீல் கிடைக்கிறது. போடலாமா?

லேத்துப்பட்டறை

ஃப்ரீவீல் கூடாது, அது ஒரு திசையில் மட்டுமே இழுக்கும். ரிவர்ஸே வராது. அதைவிட மோசம், திரும்பும்போது உள்பக்க டிராக்குக்குப் பிரேக் கிடைக்காது. சரிவில் வண்டி தன்னிஷ்டத்துக்கு உருளும். 18 பல் ஃபிக்ஸட் காக் (இரண்டு திசையிலும் தண்டோடு சேர்ந்தே சுழலும் பல்சக்கரம்) வாங்கி, ஒரு ஹப் கடைந்து நாலு எம்5 போல்ட் போடுங்கள். அதன் விட்டம் 73 மி.மீ.தான், முன் ஹல்லில் இடம் இருக்கும். மோட்டார் மவுன்ட்டில் நீள ஓட்டை வைத்து செயினை இறுக்க வழி விடுங்கள். இரண்டு திசையிலும் சுமை வருவதால் ஸ்பிரிங் டென்ஷனர் வேண்டாம்.

24வோல்ட்

மின்பக்கம் மீதி இருப்பது. செயின் குறைப்புக்குப் பிறகும் வோல்ட் 21-க்குக் கீழே போனால் பேட்டரி வயதாகிவிட்டது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 8 செல் போட நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: முழுச் சார்ஜில் 29.2 வோல்ட். பிரேக் பிடிக்கும்போது மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரம் அதற்கு மேல் ஏற்றும். கன்ட்ரோலர் உச்சவரம்பு 30 என்றால் அந்த பேட்டரி வேண்டாம்.

மெயின் வயர் 6 சதுர மி.மீ., மோட்டாருக்கு 4. ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு 30 ஆம்ப் ஃபியூஸ். மோட்டாருக்கு மூன்று 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர்: முனைக்கு முனை ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டார் உடலுக்கு ஒன்று. ரிசீவருக்குத் தனி 5 வோல்ட்.

ரேடியோவில் திருப்பும் சேனலுக்கு 40 சதவீதம் எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்கும் அமைப்பு), உச்ச அளவு 70 சதவீதம். ஸ்டிக்கை முழுதாகத் தள்ளினால் உள்பக்க டிராக் ரிவர்ஸில் சுழல்கிறது, கழற்றிவிடுவது அதுதான். நிஜ டைகரே ஒரு டிராக்கைப் பூட்டித் திரும்பிய வண்டி இல்லை. எட்டு முன் கியர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலையான திருப்ப ஆரம், ஆகப் பதினாறு. ஓடிக்கொண்டே பெரிய வளைவில் திருப்பினால் பார்க்கவும் நிஜம்போல இருக்கும்.

கடைசியாக ஃபெயில்சேஃப், அதாவது ரேடியோ சிக்னல் போனால் வண்டி தானாக நிற்கும் ஏற்பாடு. கட்டைமேல் ஏற்றி, டிராக் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரேடியோவை அணையுங்கள். இரண்டு பக்கமும் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அதைச் சரிசெய்யும்வரை வண்டியைத் தரையில் இறக்காதீர்கள். பின் தளத்தில் கைக்கு எட்டும்படி சிவப்புத் துண்டிப்பு சுவிட்ச் ஒன்று, பேட்டரி பாசிட்டிவிலேயே. கழன்ற டிராக்கை மாட்டும்போது அதை அணைத்த பிறகே விரலை ஸ்ப்ராக்கெட் பக்கம் கொண்டுபோங்கள்.