பேயை நம்பாத ஜெனரல்

வாசலில் தனிமைப்படுத்தல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்த 2020-ல்தான் ‘ஐல் ஆஃப் தி டெட்’ பார்த்தேன். 1945-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். தயாரிப்பு வால் லூட்டன், இயக்கம் மார்க் ராப்சன். ஆர்னால்ட் பாக்லினின் பிரபலமான ஓவியத்திலிருந்து பிறந்த கதை.

1912, பால்கன் போர். கல்லறைகள் உள்ள ஒரு கிரேக்கத் தீவில் பிளேக் வந்துவிடுகிறது. ஜெனரலாக வரும் போரிஸ் கார்லாஃப் யாரும் தீவை விட்டுப் போகக்கூடாது என்று தடை போடுகிறார். தெற்கிலிருந்து வெப்பக்காற்று அடித்தால் தெள்ளுப்பூச்சிகள் செத்துவிடும், நோயும் நிற்கும் என்கிறார் டாக்டர். எல்லோரும் காற்றுக்காகக் காத்திருக்கிறார்கள். அதற்குள் டாக்டரே செத்துப்போகிறார்.

எனக்கு உடம்பு சில்லிட்டது அதற்குப் பிறகுதான். கண்ணால் கண்டதை மட்டுமே நம்புவேன் என்றிருந்த அதே ஜெனரல், கிரா என்ற கிழவியின் பேச்சுக்குக் காது கொடுக்க ஆரம்பிக்கிறார். நோயாளி எஜமானி ஒருத்திக்குத் துணையாக இருக்கும் தேயா என்ற பெண் நன்றாகச் சிவந்த முகத்தோடு இருக்கிறாள்; எஜமானி வெளிறிப்போகிறாள். அது போதாதா? உயிரை உறிஞ்சும் வோர்வோலாகா என்ற பேய் இவள்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். படை நடத்திய அதே கண்டிப்போடு ஜெனரல் அந்தப் பெண்ணைக் கண்காணிக்கிறார். மனுஷன் கெட்டவரில்லை, எல்லோரையும் காப்பாற்றத்தான் பார்க்கிறார். அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில் எங்கள் வீட்டு நிலைமையும் அப்படித்தான். மாமாவுக்குக் காய்ச்சல் வந்ததும், “புது மருமகள் வந்த நேரம்” என்று உறவில் ஒருவர் போனில் சொன்னார். அத்தை அதை மறுக்கவே இல்லை. அண்ணி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தேயாவின் முகத்தைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு அண்ணி ஞாபகம்தான்.

சவப்பெட்டிக் காட்சியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எஜமானிக்கு உடம்பு விறைத்து இறந்தவர்போல் ஆகிவிடும் நோய். கல்லறைக்குள் பெட்டி, மேலே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். இசை கிடையாது. சொட்டுச் சத்தம் மட்டும். பிறகு உள்ளிருந்து ஓர் அலறல். ரத்தமே காட்டாமல் இப்படி நடுங்க வைத்த படம் நான் வேறு பார்த்ததில்லை.

முடிவைச் சொல்லமாட்டேன். மொத்தமே 71 நிமிடம். ஆரம்பம் கொஞ்சம் மெதுவாகப் போகும், அணைத்துவிடாதீர்கள். ஹெட்ஃபோன் போட்டுப் பாருங்கள்.