தனியாக ஓடித் தங்கம் வாங்கியவர்

(எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், ஒரு ஞாயிறு காலை)

சந்திரன் சித்தப்பா: *பல முறை பகிரப்பட்டது*
ஒலிம்பிக்கில் தன்னந்தனியாக ஓடித் தங்கம் வென்ற ஒரே வீரர்!! இவருடைய வேகத்தைக் கண்டு நடுங்கி எதிராளிகள் யாருமே களத்துக்கு வரவில்லை!! 🏃🏃🔥 உண்மையான தமிழனாக இருந்தால் பகிரவும்

அபி: சித்தப்பா, இதில் தமிழன் எங்கே வந்தான் 😂

மீனா அத்தை: காலை வணக்கம் 🌺🙏

கார்த்திக்: பெரியப்பா, உங்கள் ஏரியா. பி.டி. மாஸ்டர் தீர்ப்பு சொல்லவும்.

ராஜா பெரியப்பா: தனியாக ஓடினார் என்பது உண்மை. பயந்து ஓடினார்கள் என்பது சுத்தப் பொய். அது 1908, லண்டன், 400 மீட்டர். அவர் பெயர் விந்தம் ஹால்ஸ்வெல், பிரிட்டிஷ் ராணுவ லெப்டினன்ட். மற்ற மூவரும் அமெரிக்கர்கள். அவர்களில் ஒருவரை விலக்கிவிட்டார்கள், மற்ற இருவர் வராதது கோபத்தில், பயத்தில் இல்லை.

சந்திரன் சித்தப்பா: தனியாக ஓடியது உண்மைதானே அண்ணா? அதைத்தானே நான் போட்டேன்.

அபி: என்ன கோபம்?

ராஜா பெரியப்பா: இரு, கண்ணாடி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

ராஜா பெரியப்பா: அப்போது 400 மீட்டருக்கு லேன் கிடையாது. கூட்டமாக நிற்பார்கள், துப்பாக்கி வெடித்ததும் யார் எங்கே வேண்டுமானாலும் ஓடலாம். ஜூலை 23, ஒயிட் சிட்டி மைதானம். ஹால்ஸ்வெல், கார்பென்டர், ராபின்ஸ், டெய்லர் என்று நான்கு பேர். முதலில் ராபின்ஸ்தான் முன்னால் போனார். கடைசி நேர்ப்பாதைக்கு வரும்போது கார்பென்டர் முந்தினார், ஹால்ஸ்வெல் அவருக்கு வலப்பக்கமாகத் தாண்டப் பார்த்தார். கார்பென்டரோ நேராக ஓடாமல் வலப்பக்கமே ஒதுங்கி ஒதுங்கி, அவரை வெளி விளிம்புவரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விட்டார். ஒரு நடுவர் “ஃபவுல்” என்று கத்த, கார்பென்டர் முடிவுக் கோட்டைத் தொடும் முன்பே ரிப்பனை அறுத்துவிட்டார்கள். பின்னால் வந்த டெய்லரை டிராக்கை விட்டே விலக்கிவிட்டார்கள்.

மீனா அத்தை: அடக் கடவுளே. நம் தெருவில் ஷேர் ஆட்டோக்காரர் பஸ்ஸுக்கு வழி விடாத மாதிரி.

கார்த்திக்: அப்போ கார்பென்டர் ஏமாற்றுக்காரர். முடிந்தது கதை.

ராஜா பெரியப்பா: அவ்வளவு சுலபம் இல்லை தம்பி. அமெரிக்காவில் அன்றைய பழக்கத்தில் பின்னால் வருபவரை மறித்து ஓடுவது பெரிய குற்றம் இல்லை. பிரிட்டிஷ் விதியில் அது ஃபவுல். இரண்டு ஊர் சட்டம், ஒரே டிராக்.

அபி: நடுவர்கள் யார்?

ராஜா பெரியப்பா: எல்லோரும் பிரிட்டிஷ்காரர்கள் 🙂

கார்த்திக்: 😂😂 அப்படிச் சொல்லுங்கள்!

ராஜா பெரியப்பா: அதனால்தான் அமெரிக்கர்கள் கொதித்தார்கள். அந்த ஒலிம்பிக் முழுக்கவே இப்படித்தான். கயிறு இழுக்கும் போட்டியில் லிவர்பூல் போலீஸ்காரர்கள் கனமான பூட்ஸ் போட்டு வந்தார்கள் என்று அதற்கும் ஒரு சண்டை.

சந்திரன் சித்தப்பா: ஒலிம்பிக்கில் கயிறு இழுத்தார்களா?? இதை முதலில் சொல்லியிருக்கக் கூடாதா அண்ணா!

மீனா அத்தை: சந்திரா, தனியாக ஃபார்வர்ட் போட்டுவிடாதே.

அபி: அடிபட்டவர் என்ன சொன்னார்?

ராஜா பெரியப்பா: அதுதான் எனக்குப் பிடித்த இடம். கார்பென்டர் முழங்கையால் இடித்தார், ஹால்ஸ்வெல் நெஞ்சில் காயம் என்றெல்லாம் பேச்சு கிளம்பியது. ஹால்ஸ்வெல்லே பத்திரிகைக்குக் கடிதம் எழுதி மறுத்தார்: அவர் என்னை ஓங்கி இடிக்கவில்லை, காயமும் இல்லை, ஆனால் டிராக்கின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு என்னைத் தள்ளிக்கொண்டே போய் ஓட்டத்தை நிறுத்திவிட்டார் என்று. தனக்குச் சாதகமான பொய்யைத் தானே மறுத்திருக்கிறார். இந்த ஒரு காரணத்தால் நான் அவர் பேச்சை நம்புவேன்.

கார்த்திக்: சரி, ஆனால் எதிரே ஆளே இல்லாத ஓட்டத்தில் தங்கம் வாங்குவதற்கு என்ன அர்த்தம்?

ராஜா பெரியப்பா: கார்பென்டரைத் தகுதி நீக்கம் செய்தார்கள். மற்ற மூவருக்கும் ஜூலை 25 அன்று மறு ஓட்டம், இந்த முறை கயிறு கட்டி லேன் பிரித்து. ராபின்ஸும் டெய்லரும் வர மறுத்தார்கள். ஹால்ஸ்வெல்லுக்கும் தனியாக ஓட விருப்பமில்லை, மேலே இருந்தவர்கள் வற்புறுத்தியதால் ஓடினார். 50 வினாடி. இரண்டாவது சுற்றில் அவரே 48.4 ஓடி ஒலிம்பிக் சாதனை வைத்திருந்தார் என்பதைப் பார். மனமில்லாமல் ஓடியது அந்த எண்ணிலேயே தெரிகிறது. வெள்ளியும் வெண்கலமும் யாருக்கும் இல்லை.

அபி: டெய்லர் பாவம் இல்லையா? அவர் யாரையும் மறிக்கவில்லையே.

ராஜா பெரியப்பா: அதே எண்ணம்தான் எனக்கும். ஜான் டெய்லர் கறுப்பினத்தவர், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் படித்தவர். அணிக்காக விலகி நின்றார். ஆனால் அதே 25-ஆம் தேதி மெட்லி ரிலேயில் (நான்கு பேர் வெவ்வேறு தூரம் ஓடும் தொடர் ஓட்டம்) 400 மீட்டர் பகுதியை ஓடி அணியோடு தங்கம் வாங்கினார். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர்தான். அந்த டிசம்பரிலேயே டைபாய்டு வந்து இறந்துபோனார்.

மீனா அத்தை: ஐயோ. இன்னொருவர்?

ராஜா பெரியப்பா: ஹால்ஸ்வெல் அதே ஆண்டு ஓட்டத்தை விட்டுவிட்டார். முதல் உலகப் போரில், 1915 மார்ச்சில், பிரான்சில் மறைந்திருந்து சுட்டவன் குண்டுக்குப் பலி.

கார்த்திக்: இருந்தாலும் ஊர்க்காரர்களே நடுவர்களாக இருந்தால் நான் நம்ப மாட்டேன் பெரியப்பா.

ராஜா பெரியப்பா: உலகமும் நம்பவில்லை. 1912-இல் ஸ்டாக்ஹோமில் சர்வதேசத் தடகளச் சம்மேளனம் தொடங்க இந்த மாதிரிச் சண்டைகளும் ஒரு காரணம். எல்லா நாட்டுக்கும் ஒரே விதி வேண்டும் என்று வந்தது. அந்த 1912 ஒலிம்பிக்கில் 400 இறுதி ஓட்டத்தையே லேன் பிரித்துத்தான் நடத்தினார்கள்.

அபி: அப்போ 800க்கு மட்டும் ஏன் இன்னும் கூட்டமாக ஓடுகிறார்கள்?

ராஜா பெரியப்பா: முதல் வளைவு வரை லேன், அதற்குப் பிறகு உள்பக்கம் வரலாம். அங்கே முழங்கை வேலை இன்றைக்கும் உண்டு. நம் மாவட்டப் போட்டிக்கு வந்து பார், வளைவு முடிகிற இடத்தில் நில்.