4 டிபி டிஸ்க்கில் 2 டிபிக்கு மேல் பார்ட்டிஷன் விழமாட்டேங்குது

கேள்வி:
வணக்கம். கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றேன். பழைய டிஸ்க் எல்லாம் நிரம்பிட்டதால நேத்து 4 டிபி யூஎஸ்பி டிஸ்க் வாங்கினேன். உபுண்டு டெர்மினல்ல, டிஸ்க்கைப் பகுதி பகுதியா பிரிக்கிற எஃப்டிஸ்க் திறந்து, 'ஓ' கொடுத்துப் புது பார்ட்டிஷன் டேபிள், 'என்' கொடுத்து பார்ட்டிஷன். எப்படிப் போட்டாலும் 2 டிபியோட நின்னுடுது. மீதி இடம் எங்கே? வர்ற முகூர்த்தத்துக்குள்ள இது தயாராகணும்.

பதில் 1:
தம்பி, டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. 'ஓ' போட்டா வர்றது எம்பிஆர்ங்கிற பழைய வகை டேபிள். அது செக்டார் (டிஸ்க்கோட சின்னத் துண்டு) எண்ணை 32 பிட்ல எழுதும். செக்டாருக்கு 512 பைட்னு பெருக்கிப் பாருங்க, 2 டிபி சொச்சத்துல முடிஞ்சிடும். 'ஓ'வுக்குப் பதில் 'ஜி' கொடுங்க, ஜிபிடிங்கிற புது வகை டேபிள் வரும். அப்புறம் 'என்', மூணு தடவை என்டர், கடைசியா 'டபிள்யூ', அப்பத்தான் டிஸ்க்ல எழுதும்.

ஆனா 'டபிள்யூ' அழுத்துறதுக்கு முன்னாடி இன்னொரு ஜன்னல்ல, மாட்டியிருக்கிற டிஸ்க்கையெல்லாம் காட்டுற எல்எஸ்பிஎல்கே கட்டளையை '-o NAME,SIZE,MODEL,SERIAL' சேர்த்து ஓட்டி, அளவையும் மாடலையும் சீரியல் நம்பரையும் டிஸ்க் மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரோட ஒப்பிட்டுப் பாருங்க. நான் ஒரு தடவை பார்க்கலை. டிஸ்க்குக்கு சிஸ்டம் வைக்கிற பேர் மாறும். முந்தின நாள் எஸ்டிசியா இருந்த டிஸ்க், மறுநாள் சிஸ்டத்தை ஆன் பண்ணினப்போ எஸ்டிபி ஆயிடுச்சு, அது தெரியாம தப்பான டிஸ்க்கை அழிச்சிட்டேன். ஒரு வீட்டுக் காதுகுத்து ஃபுட்டேஜ் முழுக்கப் போச்சு. அந்த வீட்டு வாசல்ல போய் நின்னது இன்னும் மறக்கலை. இப்பல்லாம் ஃபார்மேட் பண்ற டிஸ்க்கைத் தவிர மத்ததை எல்லாம் கழட்டி மேஜை மேல வச்சிட்டுத்தான் உட்கார்றேன்.

எல்எஸ்பிஎல்கே 3.6டின்னுதான் காட்டும். கடையில ஆயிரத்தால கணக்கு, இங்கே 1024ஆல. எதுவும் குறையலை.

பதில் 2:
லினக்ஸோட ஈஎக்ஸ்டி4 ஃபார்மேட் போடறீங்கன்னா, ஃபார்மேட் பண்ற எம்கேஎஃப்எஸ் கட்டளையில 'மைனஸ் எம் 0' சேருங்க. இல்லேன்னா 5 சதவீதத்தை ரூட்டுக்குன்னு (சிஸ்டத்தோட அட்மின் கணக்கு) ஒதுக்கிடும். 4 டிபியில அது 200 ஜிபி, சிஸ்டம் இல்லாத டிஸ்க்குக்கு அது தேவையே இல்லை. ஆல்பம் டிசைனர் விண்டோஸ்ல திறக்கணும்னா எக்ஸ்ஃபேட் போடுங்க. ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபி ஃபைலே அதுல ஏறாது.

கேட்டவர்:
அண்ணா, 'ஜி' போட்டதும் முழு இடமும் வந்துடுச்சு. ஈஎக்ஸ்டி4தான் போட்டேன், ஒரு நிமிஷத்துல முடிஞ்சுது. ஆனா மவுன்ட் பண்ணினதுலேர்ந்து, ஒண்ணுமே காப்பி பண்ணாதப்பவும் நீல லைட் அணையாம மின்னுது. கழட்டலாமா?

பதில் 1:
பயப்படாதீங்க. ஈஎக்ஸ்டி4 ஐநோடு டேபிளை, அதாவது ஃபைல் விவரம் வைக்கிற அட்டவணையை, ஃபார்மேட் நேரத்துல முழுசா எழுதாது, மவுன்ட் ஆனப்புறம் பின்னாடி மெதுவா எழுதும். பெரிய டிஸ்க்ல ரொம்ப நேரம் எடுக்கும். அவசரம்னா அன்மவுன்ட் பண்ணிட்டுக் கழட்டுங்க, அடுத்த தடவை மாட்டும்போது விட்ட இடத்துலேர்ந்து தொடரும். அன்மவுன்ட் பண்ணாம மட்டும் ஒயரை உருவாதீங்க.