துருவக் கடலுக்கு நஞ்சு எப்படிப் போகிறது?

கேள்வி (மண்டபம் மீனவர்):
வாடைக்காற்றில் வடகடல் கலங்கும்போது வலைக் கண்ணிகளில் மாவுபோலச் சேறு ஒட்டுகிறது; விரலில் தேய்த்தால் வழுக்குகிறது. துருவக் கடல்களில் இப்படி மிதக்கும் துகள்கள் நஞ்சைச் சுமக்கின்றன என்று மகள் படித்துச் சொன்னாள். ஆள் நடமாட்டமே குறைந்த அந்த இடத்துக்கு நஞ்சு எப்படிப் போனது?

பதில் (தொண்டி ஆசிரியர்):
அண்ணே, டிடிடி என்னும் பூச்சிக்கொல்லி, மின்மாற்றி எண்ணெயில் சேர்த்த பிசிபி என்னும் வேதிப்பொருள் போன்றவை வெப்பமான இடங்களில் ஆவியாகி, காற்றோடு போய், குளிர்ந்த இடத்தில் படிகின்றன. 1960களிலேயே அண்டார்க்டிகப் பென்குவின்களின் உடலில் டிடிடி இருந்தது. இவை நீரில் எளிதில் கரையாது; கரிமப்பொருள் கலந்த துகளைப் பற்றிக்கொள்ளும். ரஷ்யாவின் ஓப், யெனிசேய், லேனா ஆறுகள் வடதுருவக் கடலான ஆர்க்டிக்குக்கு வண்டலைக் கொண்டுபோகின்றன. கரையோரம் உறையும் பனிக்கட்டியும் வண்டலை உள்ளே பிடித்துக்கொண்டு நகர்ந்து, தொலைவில் உருகி இறக்கிவிடுகிறது.

பதில் (கீழக்கரை மாணவர்):
துகள் மூழ்கினால் நஞ்சும் புதைந்துவிடுமே, ஐயா?

பதில் (தொண்டி ஆசிரியர்):
ஒரு பகுதிதான் புதையும், தம்பி. மீதியை மிதவை உயிரிகள் தின்னும். அவற்றை மீன் தின்னும், மீனைச் சீல் என்னும் கடல் விலங்கு தின்னும், சீலை மனிதர் தின்பார்கள். படிக்குப் படி செறிவு கூடும். கனடாவின் வடகியூபெக்கில் வாழும் இனுயிட் என்னும் பழங்குடித் தாய்மாரின் பாலில், தெற்கே உள்ளவர்களைவிடப் பல மடங்கு பிசிபி இருப்பது 1980களில் தெரியவந்தது. தொழிற்சாலையே இல்லாத ஊர்ப் பெண்கள்! எனக்கு இந்தக் கோபம் அடங்குவதே இல்லை. இத்தகைய நஞ்சுகளைத் தடுக்க நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2004இல்தான் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2006இல் ஏற்றது.

கேள்வி (மண்டபம் மீனவர்):
பழைய மின்மாற்றி எண்ணெயைப் படகுப் பலகைக்குப் பூசலாமா?

பதில் (தொண்டி ஆசிரியர்):
வேண்டாம் அண்ணே. பழைய மின்மாற்றி எண்ணெயில் பிசிபி இருக்கக்கூடும், கையால்கூடத் தொடாதீர்கள்.